நோயுற்றார் வலியும் வினைப்பயனும்

நம் சபைக்கு வரும் அன்பர்கள் கேட்கும் வினாக்களுள் ஒன்று எளிதில் விடை சொல்லித் தள்ளத்தக்கதன்று. புற்றுநோய் முற்றி, இனிப் பிழைக்க வழியில்லையென்று மருத்துவர் சொல்லிவிட்ட ஒருவர், வீட்டில் இரவும் பகலும் வலியால் துடிக்கின்றார். அவ்வலியை அடக்க மார்ஃபின் என்னும் மருந்து உண்டென்று வீட்டார் கேள்விப்படுகின்றனர். ஆயினும் பெரியோர் தயங்குகின்றனர். "அவர் முன் செய்த வினையை அவரே அனுபவித்துத் தீர்க்க வேண்டும், நாம் இடையிற் புகுந்து தடுத்தால் அது மறுபிறவிக்குத் தொடரும்" என்கின்றார் ஒருவர். "அபினியிலிருந்து எடுத்த மருந்தாயிற்றே, பஞ்சசீலம் ஏற்றவர் அதைத் தொடலாமா?" என்கின்றார் மற்றொருவர். "மயக்கத்தில் உயிர் பிரிந்தால் நற்கதி கிட்டாதே" என்று அஞ்சுவாரும் உளர். இவர்கள் பேசி முடிக்கும்வரை நோயாளி துடித்துக்கொண்டே கிடக்கின்றார்.

இவை ஏட்டில் எழுதி வாதிடுதற்கு மட்டும் உரியன அல்ல. ஸ்ரீராமபுரத்திலும் ஹலசூரிலும் சிவாஜி நகரிலும் தமிழ் மக்கள் நெருங்கி வாழும் ஓரறை வீடுகளில் ஒருவர் வலியால் முனகினால், அவ்வீட்டார் மட்டுமன்றிப் பக்கத்து வீட்டாரும் உறங்குவதில்லை. பிள்ளைகள் பாடம் படிப்பதும், கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகும் பெண் விடியுமுன் சோறு வடிப்பதும் அதே அறையில்தான். அங்கே வலி ஒருவருடையதாக நிற்பதில்லை. ஆகவே இவ்வினாவை நாம் தட்டிக் கழித்தலாகாது.

முதற்கண் வினைப்பயனைக் குறித்து ஆராய்வோம். நாம் பாலி மொழியைப் பள்ளியிற் கற்றவரல்லோம். ஆலை வேலை முடிந்தபின் தமிழிற் கிடைத்த நூல்களைக் கொண்டும், பிக்குமாரைக் கேட்டும் அறிந்தவற்றையே இங்கே சொல்லுகின்றோம். சங்யுத்த நிகாயத்தில் மோலியசீவகர் என்னும் பரிவிராசகர் இதே வினாவைப் பகவன் புத்தரிடம் கேட்டதாக வரலாறு உண்டு. மனிதன் அடையும் இன்ப துன்பம் யாவும் முன்செய்த வினையால் வருவனவே என்று சிலர் போதிக்கின்றனரே, தாங்கள் யாது சொல்லுகின்றீர் என்பது அவர் வினா. பகவனோ அதனை ஒப்பவில்லை. பித்தத்தால் வரும் வேதனை உண்டு. சிலேத்துமத்தாலும் வாதத்தாலும் அம்மூன்றும் கலப்பதாலும் வருவன உண்டு. பருவ மாறுதலால் வருவன உண்டு. உடலைப் பேணத் தவறுவதால் வருவன உண்டு. பிறர் தாக்குவதால் வருவனவும் உண்டு. வினை முதிர்ந்து வருவது இவற்றோடு எண்ணப்படும் எட்டாவது காரணமே என்று விளக்கினார். எல்லாம் முன்வினையே என்பார், தாமே கண்கூடாக அறிந்ததையும் உலகம் உண்மையென ஏற்றதையும் கடந்து பேசுகின்றார் என்பது அவர் தீர்ப்பு.

அன்பர்காள்! கண்கூடாக அறிந்தது என்னும் சொல்லைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பஞ்சாலையில் முப்பதாண்டு வேலை செய்தவனுடைய நெஞ்சிற் பஞ்சுத்தூசி இறங்கி மூச்சடைப்பதை நாம் கண்கூடாக அறிவோம். 2001ஆம் ஆண்டில் மூடப்பட்ட கோலார் தங்கவயல் சுரங்கங்களில், பாறை துளைத்த தூசியை உள்வாங்கி நுரையீரல் இறுகி மாண்ட நம் மக்களையும் அறிவோம். அந்நோய்க்குத் தீர்வு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அந்த நுரையீரல் முற்பிறவியைக் கேட்டா கெட்டது? தூசியால் கெட்டது. தூசியை அடக்க வேண்டியவர் அடக்காமையாற் கெட்டது. அதனை முன்வினை என்று சொல்லுவோமாயின், தூசிக்குப் பொறுப்பானவர் எவரும் இலர் என்றாகிவிடும்.

இது நமக்குப் புதிய சூதன்று. நம் பாட்டன் முப்பாட்டன் குடிசையில் வாழ்ந்ததற்கும், பொதுக் கிணற்றில் நீர் மொள்ளக் கூடாதென்று தடுக்கப்பட்டதற்கும் இதே காரணந்தானே சொல்லப்பட்டது? முற்பிறவி வினையால் தாழ்ந்த குலத்திற் பிறந்தீர், அனுபவித்துத் தீருங்கள் என்றனர். அண்ணல் அம்பேத்கர் 1957ஆம் ஆண்டில் வெளிவந்த புத்தரும் அவர் தம்மமும் என்னும் நூலில் இக்கொள்கையைக் கடுமையாக ஆராய்ந்து, ஏழை எளியோர் நிலைமைக்கு அரசும் சமுதாயமும் ஏற்க வேண்டிய பொறுப்பிலிருந்து தப்பிக்கொள்ளவே இது பயன்படும் என்று காட்டினார். குலத்தைக் குறித்து அவ்வாதத்தை மறுத்து வெளிவந்த நாம், நம் வீட்டில் ஒருவர் நோயாற் கிடக்கும்போது அதே வாதத்தை எடுத்து அவர்மேற் சுமத்தலாமா?

வினைப்பயனே ஒரு காரணமாயினும் ஆகுக. எட்டனுள் எது இவ்வலிக்குக் காரணம் என்று அறிந்தார் நம்மில் யார்? வினை விளையும் விதம் சிந்தைக்கு எட்டாதது, அதனை ஆராயப் புகுவோர் அறிவு கலங்குவர் என்று பகவனே சொல்லியிருக்க, அண்டை வீட்டுக்காரருக்கு அது எப்படித் தெரிந்தது? மேலும், பிறர் துன்பத்தைத் தணிப்பது அவர் வினைக்குக் குறுக்கே நிற்பதாகுமெனின், பசித்தவனுக்குச் சோறிடுவதும் அப்படியே ஆகும். அங்ஙனமாயின் அமுதசுரபி ஏந்திய மணிமேகலை பாவமன்றோ செய்தாள்? நோயால் நடுங்கினோரையும் பேணுவாரற்றோரையும் தேடித் தேடி உணவளித்த அந்நங்கை, எவரிடத்தும் முன்வினைக் கணக்குக் கேட்டதாகச் சாத்தனார் பாடவில்லை. அரசனிடம் வரம் பெற்றுச் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக்கினாள். சிறைப்பட்டோர் தண்டனையை அவர் வினை என்று விட்டிருந்தால் அக்காதையே இல்லை.

விநயபிடகத்து மகாவக்கத்தில் வரும் வரலாற்றை அன்பர்கள் பலர் அறிவீர்கள். வயிற்றுப்போக்கால் நலிந்த பிக்கு ஒருவர் தம் கழிவிலேயே கிடந்தார். விகாரத்தைச் சுற்றிப் பார்த்து வந்த பகவன் அவரைக் கண்டு, உம்மைப் பேணுவார் இலரோ என்று வினவ, நான் மற்றைப் பிக்குமாருக்கு எவ்வுதவியும் செய்ததில்லை, ஆதலின் அவர்களும் என்னைப் பேணவில்லை என்றார். ஆனந்தர் நீர் கொணர, பகவன் நீரை வார்த்தார், ஆனந்தர் கழுவினார். பகவன் தலைப்பக்கமும் ஆனந்தர் காற்பக்கமும் பற்றித் தூக்கிக் கட்டிலிற் கிடத்தினர். பிறகு சங்கத்தைக் கூட்டி, உங்களுக்கு இங்கே தாயுமில்லை தந்தையுமில்லை, ஒருவரையொருவர் நீங்கள் பேணாவிடில் வேறு யார் பேணுவர் என்று கேட்டு, தமக்குப் பணிவிடை செய்ய விரும்புவோர் நோயாளிக்குச் செய்க என்று பணித்தார். இவ்வரலாற்றில் நாம் காண்பது யாதெனில், அப்பிக்கு கைவிடப்பட்டதற்குக் காரணம் அவரால் எவருக்கும் பயனில்லை என்பதே. பயன்படாதவர் என்று ஒதுக்கப்பட்டவரிடம் பகவன் சென்றார். என்ன வினை செய்தாய் என்று கேட்டாரில்லை.

இனி, இவ்விருபதாம், இருபத்தொன்றாம் நூற்றாண்டுகளில் இக்கடமையை எவ்வாறு உலகோர் மேற்கொண்டனர் என்பதையும் சொல்லுவோம். இங்கிலாந்தில் சிசிலி சாண்டர்ஸ் என்னும் அம்மையார் முதலிற் செவிலியாகவும், பின்னர் சமூகப் பணியாளராகவும், அதன்பின் மருத்துவம் பயின்று மருத்துவராகவும் ஆனவர். சாகுந் தறுவாயிலுள்ளோர்க்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று மருத்துவமனைகள் கைவிரித்த காலத்தில், செய்ய வேண்டியது நிரம்ப உண்டென்று காட்ட 1967ஆம் ஆண்டு இலண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தை நிறுவினார். வலி என்பது உடலுக்கு மட்டும் உரியதன்று, மனமும் குடும்பமும் பணக் கவலையும் இனி என்ன ஆகுமோ என்னும் அச்சமும் சேர்ந்தே வலியாகின்றது என்பது அவர் கண்டது. நோயாளி கதறியபின் மருந்து கொடுப்பது தவறு, வலி தலையெடுக்குமுன் மணி தவறாது கொடுக்க வேண்டும் என்பதும் அவர் வற்புறுத்தியதே.

நம் நாட்டில் 1986ஆம் ஆண்டு பம்பாயில் சாந்தி அவேத்னா இல்லம் தொடங்கியது. கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலி தணிப்புச் சங்கம் கேரள நாடெங்கும் கிளைத்து, 2008இல் அவ்வரசே இதற்கெனக் கொள்கை வகுக்கும்படி செய்தது. பெங்களூரில் 1994ஆம் ஆண்டு நிறுவப்பட்ட அறக்கட்டளை ஒன்று மறு ஆண்டே வீடு தேடிச் சென்று பேணத் தொடங்கி, 1999ஆம் ஆண்டு மாரத்தஹள்ளிக்கு அப்பால் கருணாஸ்ரயா என்னும் இல்லத்தைத் திறந்தது. குணப்படுத்த இயலாத நிலையை அடைந்த புற்றுநோயாளருக்கு அங்கே ஐம்பதுக்கும் மேற்பட்ட படுக்கைகள் உண்டு. கல்லாற் கட்டிய சுவர்களும், நடுவே நீர்நிலையும் உள்ள அவ்விடத்தில் எவரிடத்தும் கட்டணம் பெறுவதில்லை. கருணை என்பது நம் நால்வகைப் பிரம விகாரங்களுள் ஒன்று. அதனையே பெயராகக் கொண்ட இவ்வில்லத்தை நடத்துவோர் பலதிறத்தார், பௌத்த சங்கமன்று. நாம் சொல்லிக்கொண்டிருப்பதைப் பிறர் செய்துகொண்டிருக்கின்றனர் என்று சொல்லுவதில் நமக்குக் கூச்சமில்லை, அன்பர்காள்.

ஆயினும் கிடைப்பது கடலிற் கையளவே. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுதோறும் ஏறக்குறைய 5 கோடியே 68 இலட்சம் பேருக்கு இத்தகைய ஆதரவுச் சிகிச்சை தேவைப்படுகின்றது. பெறுவோர் நூற்றுக்குப் பதினால்வர் மட்டுமே. நம் நாட்டின் கதை இன்னும் விந்தையானது. மத்தியப் பிரதேசத்திலும் இராஜஸ்தானத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசாங்க உரிமம் பெற்றுக் கசகசாச் செடியைப் பயிரிட்டு, அபினியை அயல்நாட்டு மருந்துக்கென ஏற்றுமதி செய்தோம். ஆனால் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தபின், உரிமம் பலவற்றைப் பெறும் தொல்லைக்கும் தண்டனைக்கும் அஞ்சி மருத்துவமனைகள் மார்ஃபினை வைப்பதையே விட்டன. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் நாட்டில் மருத்துவத்துக்குப் பயன்பட்ட மார்ஃபின் பத்திலொரு பங்கிற்கும் கீழாகக் குறைந்தது. விளைத்தது நாம், வலியால் துடித்ததும் நாமே. 2014ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பட்டு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையங்கள் எளிய முறையில் அதனை வைத்திருக்க வழி பிறந்தது. இன்று நம் நகரில் கித்வாய் புற்றுநோய் நிலையத்திலும் வேறு சில இடங்களிலும் உரிய மருத்துவர் சீட்டின்பேரில் இது கிடைக்கின்றது. விலையும் உயர்ந்ததன்று. ஆகவே இன்று தடையாய் நிற்பது பெரும்பாலும் நம் அறியாமையும் அச்சமுமே.

அவ்வச்சங்களுள் பெரியது ஐந்தாம் சீலத்தைப் பற்றியது. கள்ளும் சாராயமும் நம் மக்களின் கூலியையும் குடும்பத்தையும் எவ்வாறு விழுங்கின என்பதைக் கண்டவர் நாம். ஆதலின் அச்சீலத்தில் தளர்ச்சி காட்டுவதை நாம் ஒருபோதும் ஒப்போம். ஆனால் அச்சீலம் விலக்குவது எதனை? மெய்ம்மறந்து பொறுப்பழியச் செய்யும் குடியையும் போதையையும். நோய்க்கு மருந்தாவதை அது விலக்கியதா என்பதற்கு மகாவக்கத்திலேயே விடை இருக்கின்றது. பிலிந்தவச்சர் என்னும் தேரர் வாத நோயால் வருந்தியபோது, எண்ணெய் காய்ச்சிக் கொடுக்க வேண்டுமென்று வைத்தியர் சொல்ல, அவ்வெண்ணெயில் மது கலக்க வேண்டியிருந்தது. பகவன் அதற்கு இசைந்தார். சில பிக்குகள் இதுதான் சமயமென்று மதுவை மிகுதியாகக் கலந்து காய்ச்சிக் குடித்து மயங்கினர். அப்பொழுது பகவன் செய்தது கவனிக்கத்தக்கது. மருந்தை அடியோடு தடுத்துவிடவில்லை. மதுவின் நிறமும் மணமும் சுவையும் தோன்றாத அளவிற் கலந்ததைக் குடிக்கலாம் என்றும், மிகுதியாய்க் கலந்துவிட்டதை மேற்பூச்சுக்கு வைத்துக்கொள்க என்றும் விதித்தார். ஒரு பொருள் நஞ்சா மருந்தா என்பது அளவிலும் நோக்கத்திலும் இருக்கின்றது என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

மார்ஃபினும் அத்தகையதே. களிப்புக்காக உட்கொள்பவனுக்கு அது போதை. புற்றுநோய் எலும்பை அரிக்கும்போது மருத்துவர் குறித்த அளவில் உட்கொள்பவருக்கு அது, துடித்துக் கிடந்த உடலை எழுப்பி உட்கார வைத்து, பேரப்பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்கச் செய்யும் மருந்து. முதற் சில நாட்களில் தூக்கக் கலக்கம் இருக்கும். பெரும்பாலார்க்கு அது விரைவில் தெளியும். மலச்சிக்கல் மட்டும் தெளியாது. ஆகவே மருத்துவர் அதற்கென்று தனி மருந்தையும் சேர்த்தே கொடுப்பர், அதனை விடுதலாகாது. மூச்சுத் திணறல் மிக்க இறுதி நிலையிலும் சிறிய அளவில் இது உதவுகின்றது. முறையாகக் கொடுக்கும் மார்ஃபின் மரணத்தை விரைவுபடுத்துவதில்லை என்பதும் மருத்துவர் கண்ட முடிவு.

இறுதிக்கணத்தில் மனம் மயங்கினால் கதி கெடும் என்னும் அச்சத்தை நாம் இகழமாட்டோம். தம்மத்தில் உண்மையான பற்றுடையோர்க்கே அவ்வச்சம் தோன்றும். சாக்கிய குலத்து மகாநாமருக்கும் அது தோன்றியது. கபிலவத்து நகரின் நெரிசலில் யானையும் குதிரையும் தேரும் மோதும் தெருவில், புத்தரையும் தம்மத்தையும் நினையாத ஒரு கணத்தில் நான் இறந்துபட்டால் என்னாவேன் என்று பகவனிடம் கேட்டார். அஞ்சற்க என்றார் பகவன். கிழக்கே சாய்ந்து வளர்ந்த மரத்தை வெட்டினால் அது எத்திசையில் விழும் என்று வினவி, நெடுநாள் பண்பட்ட மனமும் தான் சாய்ந்த திசையிலேயே செல்லும் என்று தேற்றினார். ஒருவருடைய வாழ்நாள் முழுவதும் செய்த தானமும் காத்த சீலமும், ஒரு மாத்திரையின் தூக்கத்தால் அழிந்துவிடுமோ? உண்மையில், வலியே மனத்தைப் பெரிதும் கலக்குவது. வலியால் பல்லைக் கடித்துக் கிடப்பவர் திரிசரணத்தைக் கேட்பதெங்கே, நினைப்பதெங்கே?

"பகவன் தாம் வேலுவ கிராமத்தில் கடுநோயுற்றபோது பொறுத்துக்கொள்ளவில்லையா?" என்று மறுப்பாரும் உளர். பொறுத்தார், உண்மை. அது அவர் தமக்குத் தாமே மேற்கொண்ட பொறுமை. பொறுமையை ஒருவர் தாமே மேற்கொண்டால் அது பாரமிதை. கட்டிலருகே நலமாய் நிற்பவர் கிடப்பவர்மேற் சுமத்தினால் அதற்கு வேறு பெயர். ஜீவகர் கொடுத்த மருந்தைப் பகவன் ஏற்றார். குசினாராவுக்குச் செல்லும் வழியில் களைப்பு மிகவே, ஆடையை மடித்து விரிக்கச் சொல்லிச் சாய்ந்து, ஆனந்தரிடம் குடிக்க நீர் கேட்டார். நீர் கேட்ட பெருமானைக் காட்டி, நம்மவர்க்கு மருந்து மறுப்பது எங்ஙனம் பொருந்தும்? நோயாளியே, எனக்கு மருந்து குறைவாகப் போதும், நான் விழித்திருக்க விரும்புகின்றேன் என்று சொன்னால் அதனை மதிக்க வேண்டியதே. அவர் சொல்ல வேண்டும்; நாம் அல்ல.

கொல்லாமை என்னும் முதற்சீலத்தைப் பற்றியும் ஒரு சொல். நோயுற்ற பிக்கு ஒருவரிடம் சிலர் இரக்கத்தாலேயே மரணத்தைப் புகழ்ந்து பேச, அவர் உயிர்விட்டபோது, அப்படிப் பேசியதும் பெருங்குற்றமே என்று விநயம் விதித்தது. ஆகவே இரக்கத்தின் பேரால் உயிரைப் பறிப்பதற்கு நம்மிடம் இடமில்லை. ஆனால் பறிப்பது வேறு, போகும் உயிரை இயந்திரத்தாற் பிடித்து நிறுத்தாமை வேறு. உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டில் இவ்வேறுபாட்டை ஏற்று, பயனற்ற சிகிச்சையை மறுக்கும் விருப்பத்தை ஒருவர் முன்னரே எழுதி வைக்கலாம் என்றது. 2023இல் அதன் நடைமுறையை எளிதாக்கிற்று. கர்நாடக அரசும் 2025ஆம் ஆண்டு சனவரியில் அதனைச் செயற்படுத்த உத்தரவிட்டது. நம் வீடுகளிலோ, நிலத்தையும் தாலியையும் அடகு வைத்துத் தீவிர சிகிச்சைப் பிரிவில் பத்து நாள் வைத்து, பிறகு கடனோடு பிணத்தை வாங்கி வருகின்றனர். அன்பில்லாமையால் அன்று, விட்டுவிட்டார்கள் என்று ஊர் சொல்லுமே என்னும் அச்சத்தால்.

மருந்தாற் பாதி வலி தீரும். மீதி வலி மனத்தின்கண் இருக்கின்றது. அதற்கு நாம் படித்த வரலாறுகளுள் நகுலமாதாவின் வரலாற்றை ஒப்பது வேறில்லை. நகுலபிதா கடுநோயுற்றுக் கிடந்தார். அவர் மனைவி அருகிருந்து, கவலையோடு உயிர் விடாதீர், அது துன்பம் தரும் என்று தொடங்கினார். எனக்குப்பின் இவள் பிள்ளைகளைக் காப்பாளோ, குடும்பத்தை நடத்துவாளோ என்று எண்ணுகின்றீரோ? எனக்குப் பஞ்சு நூற்கத் தெரியும், கம்பளி மயிரைச் சீவிப் பின்னத் தெரியும். பிள்ளைகளையும் வீட்டையும் நான் காப்பேன் என்றார். இப்படியே அவர் மனத்தில் உறுத்தக்கூடிய ஒவ்வொன்றையும் தாமே எடுத்துச் சொல்லித் தேற்றினார். கவலை தீர்ந்த நகுலபிதா நோயும் தணிந்து எழுந்தார். கோலூன்றிப் பகவனைக் காணச் சென்றபோது, இத்தகைய மனைவியைப் பெற்றது உனக்குப் பேறு என்று பகவன் பாராட்டினார். எல்லாரும் எழுந்துவிடுவர் என்று நாம் சொல்லவில்லை. நூற்றும் நெய்தும் வாழ்ந்த குடிகளிற் பிறந்த நாம், பஞ்சு நூற்பேன் என்ற அச்சொல்லில் எவ்வளவு ஆறுதல் இருந்திருக்கும் என்பதை அறிவோம். சாகின்றவன் அஞ்சுவது பெரும்பாலும் சாவையன்று; மறுமாத வாடகையை.

அவ்வம்மையார் பொய் சொல்லவில்லை என்பதையும் நோக்குக. நம் வீடுகளில் நடப்பது வேறு. "அவருக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் உயிரை விட்டுவிடுவார்" என்று மகன் வாசலிலேயே நம்மைத் தடுத்துச் சொல்லுவான். உள்ளே போனால், "இவர்களுக்குத் தெரியாது, பாவம், சொல்லாதீர்கள்" என்று நோயாளி நம் காதில் சொல்லுவார். இருபுறமும் ஒளித்து வைத்த உண்மைக்கு நடுவே, சொல்ல வேண்டிய கடைசிச் சொற்கள் சொல்லப்படாமலே போகின்றன. உண்மையைக் கல்லைப்போல எடுத்து எறிய வேண்டுமென்று நாம் கூறவில்லை. அவர் கேட்டால் மறையாமற் சொல்லுக. கேட்கும் அளவே சொல்லுக. சொன்னபின் எழுந்து போய்விடாமல் அருகே அமர்ந்திருங்கள்.

நம் போன்ற பிரசாரகர்க்கும் இதில் பாடம் உண்டு. அநாதபிண்டிகர் மரணப் படுக்கையிற் கிடந்தபோது சாரிபுத்தர் சென்றார். சென்றவுடன் தம்மம் போதிக்கவில்லை. வலி குறைகின்றதா, கூடுகின்றதா என்றே முதலிற் கேட்டார். கூடுகின்றது என்று, தலையை வாளாற் பிளப்பது போலவும் வயிற்றைக் கிழிப்பது போலவும் நெருப்புக் குழியில் வாட்டுவது போலவும் இருக்கின்றதென்று அவர் விரித்துச் சொல்லும்வரை கேட்டிருந்தார். பிறகே போதனை. அதனைக் கேட்டு அநாதபிண்டிகர் அழுதார். இத்தகைய உயர்ந்த போதனை இல்லறத்தாருக்கு ஏன் சொல்லப்படுவதில்லை, சொல்லுங்கள் என்று வேண்டினார். இன்று நம்முள் சிலர் கட்டிலருகே போனதும் சுத்தம் ஓதத் தொடங்கிவிடுகின்றனர். வலி எப்படி இருக்கின்றது, மருந்து தீர்ந்துவிட்டதா என்று கேட்பாரைக் காணோம்.

நோயாளியைப் பேணுவோனுக்குரிய ஐந்து தகுதிகளை விநயம் எண்ணுகின்றது. மருந்து ஆயத்தம் செய்யத் தெரிதல், ஏற்பது ஏற்காதது அறிதல், ஆதாயம் கருதாது அன்பாற் செய்தல், மலசலத்தையும் வாந்தியையும் அருவருக்காமை, உற்ற வேளையில் தம்மச் சொல்லால் மகிழ்வித்தல் என்பன அவை. தம்மச் சொல் கடைசியில் நிற்கின்றது. வள்ளுவரும் மருந்து என்னும் அதிகாரத்தில், மருத்துவமாவது நோயாளி, மருத்துவர், மருந்து என்பவற்றோடு நில்லாமல் அருகிருந்து பேணுவாரையும் சேர்த்ததே என்று வகுத்தார். அந்நான்காமவர் நம் வீடுகளில் எப்போதும் ஒரு பெண்ணே. மனைவியோ மகளோ மருமகளோ. அவள் வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலியில்லை. மூன்று மாதம் உறங்காதவளுக்கு அருவருக்காதே, அன்பு செய் என்று யாரும் உபதேசிக்க வேண்டியதில்லை. அவளுக்கு வேண்டியது ஓர் இரவு உறக்கம்.

கேரளத்தில் இதற்கு ஒரு வழி கண்டனர். அண்டை அயலாரே பயிற்சி பெற்று, வாரம் இரண்டு மணி நேரமேனும் ஒதுக்கி, நோயாளி வீட்டுக்குச் செல்லுகின்றனர். புண்ணைத் துடைப்பதும், மருத்துவமனைக்குத் துணை போவதும், அடுப்பெரியாத வீட்டுக்கு அரிசி கொடுப்பதும் அவர்கள் வேலை. நம் சபைகளில் அது இயலாததன்று. வைசாகப் பௌர்ணமிக்குப் பந்தல் போடவும் ஊர்வலத்துக்கும் இளைஞர் நாற்பதுபேர் பெயர் கொடுக்கின்றனர். அந்நாற்பதின்மருள் எண்மர் இரவு விழிப்புக்கு முறை வைத்தால் ஒரு வீட்டுப்பெண் வாரம் முழுதும் உறங்குவாள். கித்வாய்க்குப் போய்வர ஆட்டோவுக்குக் கொடுக்கவும், மருந்துச்சீட்டைக் காலத்திற் புதுப்பிக்கவும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். மார்ஃபின் ஞாயிற்றுக்கிழமை தீர்ந்துபோனால் கடைத்தெருவில் வாங்க முடியாது. மாத்திரைகளை எண்ணிப் பூட்டி வைக்க வேண்டும். பிள்ளைகள் கைக்கும், வீட்டில் குடிப்பழக்கமுள்ளவர் கைக்கும் எட்டலாகாது. எந்த மணிக்கு எது கொடுத்தார்கள் என்பதை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தால், இரவு முறைக்கு வருபவர் வீட்டாரை எழுப்பாமலே அறிந்துகொள்ளலாம்.

முறைப் பட்டியல் எழுதும்போது இன்னொன்றையும் சேர்க்க வேண்டுகின்றோம். அடக்கம் முடியும்வரை வீடு கொள்ளாத கூட்டம் இருக்கும். பத்தாம் நாளுக்குப்பின் அப்படியேறுவார் இல்லை. மாத்திரைக்கு மணி பார்த்தே பழகிய அந்தப் பெண், நடுஇரவு இரண்டு மணிக்கு இன்னமும் விழித்துக்கொள்ளுகின்றாள். பதினோராம் நாள் யார் போவது, அடுத்த மாதம் யார் போவது என்று அதே தாளில் பெயர் எழுதி வைத்தல் வேண்டும்.